மாட்டைப் பூட்டுவதும் வீட்டைப் பூட்டுவதும்

"மாமா, மாட்டுக்குச் சாவி எங்க இருக்கும்?"

அக்கா மகள் பாடப்புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள். விடியற்காலையில் உழவர் ஏர் பூட்டினார் என்று அதில் ஒரு வரி. அவளுக்குத் தெரிந்த பூட்டு கதவில் தொங்குவது. பூட்டு என்றால் சாவி வேண்டும். ஏரையும் மாட்டையும் பூட்டினால் அவற்றுக்கும் எங்காவது ஒரு சாவி இருக்கத்தானே வேண்டும்?

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் கேள்வியின் ஆழம் புரிந்தது. மாட்டையும் பூட்டுகிறோம், கதவையும் பூட்டுகிறோம். குற்றவாளியின் கையில் விலங்கு பூட்டுகிறார்கள். மணமகள் கழுத்தில் தாலி பூட்டுவதற்குத் திருப்பூட்டு என்றே பெயர். வில்லில் நாண் பூட்டுகிறார்கள். ஒரே சொல் எப்படி இத்தனை இடங்களில் வந்து உட்கார்ந்தது? இதில் எது மூத்தது, எது பின்னால் வந்தது? அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் பேசத் தெரிந்தால் போதும்.

முதலில் மாட்டை எப்படிப் பூட்டுவார்கள் என்று பார்த்துவிடுவோம். பார்க்காமல் சொல்லைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் புரியும்.

தரையில் கலப்பை கிடக்கிறது. அதிலிருந்து முன்னால் நீளும் மரத்துக்கு ஏர்க்கால் என்று பெயர். கையால் பிடிக்கும் பகுதி மேழி. மண்ணைக் கிழிக்கும் இரும்பு கொழு. இவற்றோடு தனியாக ஒரு நீளமான தடி இருக்கும். அதுதான் நுகம், நுகத்தடி. இரண்டு மாடுகளையும் பக்கம் பக்கமாக நிறுத்தி, நுகத்தடியைத் தூக்கி இரண்டின் கழுத்திலும், திமிலுக்குச் சற்று முன்னால், படியும்படி வைப்பார்கள். நம் நாட்டு மாட்டுக்குத் திமில் இருப்பது இதற்கு வசதி. இழுக்கும்போது தடி பின்னால் சறுக்காமல் திமில் தாங்கிக்கொள்ளும். தடியின் இரு முனைகளிலும் துளைகள், அவற்றில் முளைகள். அங்கிருந்து ஒரு கயிறு மாட்டின் தொண்டைக்குக் கீழாகச் சுற்றி வந்து மறுபடி நுகத்தடியிலேயே மாட்டிக்கொள்ளும். இந்தக் கயிற்றின் பெயர் பூட்டாங்கயிறு. கடைசியாக, ஏர்க்காலை நுகத்தடியின் நடுவோடு கயிறு போட்டு இறுக்குவார்கள். ஏர்க்காலில் எந்த இடத்தில் கட்டுகிறோம் என்பதை முன்பின் நகர்த்தினால், கொழு மண்ணில் இறங்கும் ஆழம் மாறும். அது ஒரு தனிக் கைப்பழக்கம்.

இப்போது பூட்டாங்கயிற்றை மட்டும் மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே ஒரு தடி, கீழே வளைந்து வரும் ஒரு கயிறு, நடுவில் மாட்டின் கழுத்து. கதவில் தொங்கும் பூட்டைப் பாருங்கள். கீழே உடல், மேலே வளைந்து வரும் கம்பி, நடுவில் கதவின் வளையம். தலைகீழாகப் பிடித்தால் இரண்டும் ஒரே படம். மாட்டுக்குச் சாவி எங்கே என்று கேட்டவளுக்கு நான் முதலில் வரைந்து காட்டியது இதைத்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாட்டோடு செய்கிற எல்லாவற்றுக்கும் பூட்டு என்று சொல்வதில்லை. தொழுவத்தில் முளைக்குச்சியில் நிறுத்தினால் அது கட்டுவது. களத்தில் கதிர் மிதிக்க மாடுகளை ஒன்றோடொன்று கயிற்றால் சேர்த்துச் சுற்றவிட்டால் அது பிணைப்பது. பிணையல் என்றே அதற்குப் பெயர். ஏரிலும், வண்டியிலும், கிணற்றுக் கமலையிலும், செக்கிலும் வேலைக்கு இணைக்கும்போதுதான் பூட்டுவது. வண்டிக்கு மட்டும் 'வண்டி கட்டிக்கொண்டு போனார்கள்' என்று கட்டையும் பூட்டையும் கலந்து சொல்வது உண்டு. மற்றபடி இந்தப் பாகுபாட்டை நாட்டுப்புறத்தில் யாரும் சொல்லிக்கொடுத்துக் கற்பதில்லை, பேச்சோடு பேச்சாக வந்துவிடுகிறது. கட்டினால் மாடு நிற்கும். பிணைத்தால் ஒன்றை விட்டு ஒன்று பிரியாது. பூட்டினால் மாட்டின் வலு ஒரு கருவிக்குள் இறங்கும்.

எதிர்ச்சொல்லைக் கேளுங்கள்

ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதன் எதிர்ச்சொல்லைக் கேட்க வேண்டும். எதிர்ச்சொல் மாறினால் பொருளும் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

கதவைப் பூட்டினால் பிறகு திறக்கிறோம். மாட்டைப் பூட்டினால் திறப்பதில்லை, அவிழ்க்கிறோம். 'ஏர் அவிழ்க்கிற நேரம்' என்றால் உச்சிக்கு முன் உழவு முடியும் பொழுது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். நகையையோ விலங்கையோ பூட்டினால் கழற்றுகிறோம். வில்லில் பூட்டிய நாணை இறக்குகிறோம். அடிமுறை, வர்மம் பயில்கிறவர்கள் எதிராளியின் கையையோ கழுத்தையோ மடக்கிப் பிடிப்பதைப் பூட்டு என்கிறார்கள், அதிலிருந்து விடுபடும் முறை அவர்களுக்குப் பிரிவு. உடம்பில் எலும்பும் எலும்பும் பொருந்தும் இடத்துக்கும் பூட்டு என்று பழைய வழக்கு உண்டு. தோளில் அது தோட்பூட்டு. அது விலகும், நழுவும்.

திற, அவிழ், கழற்று, இறக்கு, பிரி, விலகு. ஆறு எதிர்ச்சொற்கள். இவற்றில் 'திற' ஒன்றுதான் மூடுவதைப் பற்றியது. மற்ற ஐந்தும் பொருத்தியதை எடுப்பதைப் பற்றியவை. ஆக, பூட்டு என்ற சொல்லின் நடுநெஞ்சில் இருப்பது மூடுவது அல்ல என்று இங்கேயே தெரிந்துவிடுகிறது. ஒன்றை இன்னொன்றின் மேல் கழலாதபடி பொருத்துவது. அதுதான் அடிப்படை. கதவு அந்தப் பெரிய குடும்பத்தில் ஒரு வீடு மட்டும்.

பூண் என்ற தாய்

இனி சொல்லின் பிறப்புக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

காண் என்றால் தானே பார்ப்பது. காட்டு என்றால் பிறரைப் பார்க்க வைப்பது. உண் என்றால் தானே சாப்பிடுவது. ஊட்டு என்றால் பிறரைச் சாப்பிட வைப்பது. இதே அச்சில் இன்னொரு இணை இருக்கிறது: பூண், பூட்டு. பூண் என்றால் தானே அணிந்துகொள்வது. பூட்டு என்றால் பிறர்மேல் அணிவிப்பது. இலக்கணக்காரர்கள் முதலாவதைத் தன்வினை என்றும் இரண்டாவதைப் பிறவினை என்றும் சொல்வார்கள். பெயரை மறந்தாலும் பரவாயில்லை, காண்–காட்டு நினைவிருந்தால் போதும்.

நகையைப் பூண்டாள் என்றால் அவளே அணிந்தாள். தாலியைப் பூட்டினான் என்றால் அவன் அணிவித்தான். விலங்கைப் பூட்டினார்கள் என்றால் அணிவித்தது போலீஸ். குதிரை பூண்ட தேர் என்று பழைய நூல்கள் சொல்லும், குதிரை பூட்டிய தேர் என்றும் சொல்லும். முதலாவதில் குதிரை தன் பங்கைச் செய்கிறது. இரண்டாவதில் தேரோட்டி செய்கிறான். தாலி, விலங்கு, நுகம் மூன்றும் ஒரே வினைச்சொல்லைப் பகிர்ந்துகொள்வது முதலில் கேட்கும்போது கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். ஆனால் சொல் கணக்காகப் பார்த்தால் நேராகவே இருக்கிறது. மூன்றும் ஓர் உடம்பின் மேல் இன்னொருவர் கையால் ஏறுகின்றன.

பழகிய மாட்டைப் பூட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இரட்டை வினை நன்றாகப் புரியும். என் தாத்தா நுகத்தடியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாக்கால் ஒரு சத்தம் கொடுப்பார். மாடு தானாக வந்து, தலையைத் தாழ்த்தி, தடிக்குக் கீழே கழுத்தைக் கொடுக்கும். இடது பக்கம் பழகியது இடதுபக்கமே போய் நிற்கும். மாற்றி நிறுத்தினால் தடுமாறும். தாத்தாவின் கை பூட்டுகிறது, மாட்டின் கழுத்து பூணுகிறது. இரண்டு பேருக்கும் தனித்தனி வினைச்சொல் வைத்திருக்கிறது தமிழ்.

பூண் என்பது பெயர்ச்சொல்லாகவும் வழங்கும். பூண் என்றால் அணிகலன். பூணூல் என்பது பூணும் நூல். உலக்கையின் நுனியில் ஓர் இரும்பு வளையம் போட்டிருப்பார்களே, அதற்கும் பூண் என்றுதான் பெயர். குத்தக் குத்த மரம் சிதறாமல் இருக்க, வளையத்தைக் காய்ச்சி நுனியில் ஏற்றிக் குளிரவிடுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். அணிகலன், இறுக்கம், கழலாமை மூன்றும் அந்த ஒரு வளையத்தில் இருக்கின்றன. பூண் என்ற சொல்லைக் கையில் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் பழைய உலக்கை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

உடம்பில் அணிவதிலிருந்து மனத்தில் அணிவதற்கு இந்தச் சொல் எளிதாகத் தாவிவிட்டது. உறுதி பூண்டான், நோன்பு பூண்டாள், துறவு பூண்டார், மௌனம் பூண்டார், வேடம் பூண்டான், பகை பூண்டான். இன்றும் செய்தித்தாளில் அன்றாடம் வரும் சொற்கள் இவை. சங்க நூல்களில் பூட்கை என்று ஒரு சொல் வரும். ஒருவன் தனக்கென்று மேற்கொண்ட கொள்கை, விடாத உறுதி என்று பொருள். பூண்டுகொண்டது எதுவோ அது பூட்கை. உறுதி பூண்டான் என்று எழுதும்போது, நுகத்தடிக்குக் கீழே மாடு கழுத்தைக் கொடுத்த அதே வினைச்சொல்லைத்தான் எழுதுகிறோம்.

கதவில் எப்போது ஏறியது?

பழைய தமிழில் கதவை அடைக்கும் கருவி என்றால் முன்னால் வந்து நிற்கும் சொல் தாழ். இன்றைய தாழ்ப்பாளில் அது உயிரோடு இருக்கிறது. 'அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ்' என்று 71ஆம் குறள் கேட்கிறது. அன்பை அடைத்துவைக்கத் தாழ்ப்பாள் உண்டா, அன்புடையவரின் சிறு கண்ணீரே அதை வெளிக்காட்டிவிடுமே என்பது கருத்து. அதில் வருவது தாழ்தான், பூட்டு அல்ல. கதவுக்குக் குறுக்கே விழும் மரத்துக்குத் தாழ் பொருத்தமான பெயர். வளையத்தில் மாட்டி, கவ்விப் பிடித்து, தனியாகக் கழற்றி எடுத்துப் போகக்கூடிய கருவிக்கு பூட்டு பொருத்தமான பெயர். பொருத்துவது என்ற பொருளிலிருந்து அடைப்பது என்ற பொருளுக்கு இந்த வழியாகத்தான் சொல் நகர்ந்திருக்கிறது. கருவியே பெயராகி, பிறகு கதவை அடைக்கும் செயலே பூட்டுவதாகிவிட்டது.

திறக்கும் கருவியின் பெயரோ வெளியிலிருந்து வந்தது. திறவுகோல் நம்முடையது. சாவி போர்ச்சுகீசியரோடு வந்தது, அவர்கள் மொழியில் அது சாவே. எனவே 'பூட்டும் சாவியும்' என்று சேர்த்துச் சொல்லும்போது ஒரு பழைய உழவுச் சொல்லையும் ஒரு கப்பலேறி வந்த சொல்லையும் கோத்துச் சொல்கிறோம். இன்று தமிழ்நாட்டில் பூட்டு என்றதும் திண்டுக்கல் நினைவுக்கு வருகிறது. கையால் செய்யும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவில் இருப்பதால் மாங்காய்ப் பூட்டு என்று பெயர் பெற்ற வகை அங்கே பெயர்போனது.

வில்லும் ஒரு வெண்பாவும்

நாணைக் கட்டாத வில் வெறும் கழி. அதன் இரு முனைகளையும் வளைத்து ஒரு நாணால் இணைத்தால்தான் வில். இந்த இணைப்பையும் பூட்டு என்றே சொன்னார்கள். இங்கே பூட்டு என்பது இரண்டு கோடிகளைச் சேர்ப்பது. இதைப் பார்த்த இலக்கண ஆசிரியர்கள் ஓர் அழகான வேலை செய்தார்கள்.

செய்யுளில் சொற்கள் நாம் பேசுகிற வரிசையில் வராது. எந்தச் சொல்லை எதனோடு சேர்த்துப் பொருள் கொள்ள வேண்டும் என்பதற்குப் பொருள்கோள் என்று பெயர். நன்னூல் எட்டு வகைப் பொருள்கோள் சொல்கிறது. அதில் ஒன்று விற்பூட்டு, பூட்டுவில் என்றும் சொல்வார்கள். பாட்டின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் ஒன்றையொன்று தேடி இணைந்தால் அது பூட்டுவில். வளைத்த வில்லின் இரு முனைகளை நாண் சேர்ப்பதுபோல, பாட்டின் இரு முனைகளைப் பொருள் சேர்க்கிறது.

இதற்கு உரைகளில் காலங்காலமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு ஒரு வெண்பா:

திறந்திடுமின் தீயவை பிற்காண்டும் மாதர்
இறந்து படின்பெரிதாம் ஏதம் – உறந்தையர்கோன்
தண்ணார மார்பின் தமிழர் பெருமானைக்
கண்ணாரக் காணக் கதவு

சோழன் உலா வருகிறான். அவன்மேல் மனம் வைத்த பெண்ணை வீட்டுக்குள் வைத்து அடைத்திருக்கிறார்கள். பார்க்க முடியாமல் அவள் உயிர் விட்டால் பெரும்பழி, குற்றம் குறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் திறங்கள் என்று யாரோ பதறுகிறார்கள். எதைத் திறப்பது? முதல் சொல் 'திறந்திடுமின்'. விடை கடைசிச் சொல்லில்தான் வருகிறது: 'கதவு'. நடுவில் சோழன், சந்தனம் பூசிய மார்பு, பெண்ணின் உயிர் எல்லாம் நாண்போல இழுபட்டு நிற்கின்றன.

வகுப்பில் இதைப் படித்தபோது மனப்பாடம் செய்ததோடு சரி. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. இது பூட்டுக்கு எடுத்துக்காட்டு. பாட்டு கேட்பதோ கதவைத் திறக்கச் சொல்லி. கதவுப் பூட்டும் வில் பூட்டும் ஒரே வெண்பாவில் சந்தித்துக்கொள்கின்றன.

பக்கத்து வீட்டு மொழிகளில்

ஒரு சொல்லின் வயதை மதிப்பிட, அது நம்முடைய சகோதர மொழிகளில் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பூண், பூட்டு இரண்டும் நன்றாகவே பரவியிருக்கின்றன.

மலையாளத்தில் பூட்டுக என்றால் கதவைப் பூட்டுவது. நிலத்தை உழுவதும் பூட்டுகதான். மாட்டை ஏரில் இணைக்கும் செயலின் பெயரே முழு உழவுக்கும் பெயராகிவிட்டது. மலபார்ப் பகுதியில் சேறடித்த வயலில் காளைகளை ஓட்டும் போட்டிக்குக் காளபூட்டு என்று பெயர். கண்ணை மூடுவதற்கும் அங்கே கண்ணு பூட்டுக என்பார்கள். கதவுக்கு வந்த பொருள் அங்கே இமைக்கும் போயிருக்கிறது.

கன்னடத்தில் நம் சொல்லின் தொடக்கப் பகரம் பல இடங்களில் ஹகரமாக மாறிவிடும். நம் பால் அவர்களுக்கு ஹாலு, நம் பூ அவர்களுக்கு ஹூவு, நம் பல் ஹல்லு. அதே கணக்கில் பூட்டுவது அங்கே ஹூடு. மாட்டை வண்டியில் ஹூடுவார்கள். அம்பை வில்லில் ஹூடுவார்கள். வழக்குத் தொடர்வதற்கும் அதே சொல். இன்றைக்கு மிக அதிகமாகப் புழங்கும் இடமோ வேறு. பணத்தை ஒரு தொழிலில் போடுவதை ஹூடு என்கிறார்கள். முதலீட்டுக்குக் கன்னடச் சொல் ஹூடிகெ. பெங்களூர்ப் பத்திரிகைகளின் வணிகப் பக்கத்தில் நாள்தோறும் அது அச்சாகிறது. மாட்டைப் பூட்டினால் வலு கருவியில் இறங்குகிறது என்றேனே, பணத்தைப் பூட்டினாலும் அதே கதைதான். சும்மா கிடந்தது வேலைக்கு இறங்குகிறது.

தெலுங்கு பூண் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. பூனு என்றால் மேற்கொள்வது. பூனிக என்றால் ஊக்கம், உறுதி. நம் பூட்கையின் தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். மாட்டைப் பூட்டுவதற்கு அங்கே பூன்சு.

ஆக, ஒரே வேரிலிருந்து தமிழில் கதவும் தாலியும், மலையாளத்தில் உழவும் இமையும், கன்னடத்தில் வழக்கும் முதலீடும், தெலுங்கில் ஊக்கமும் கிளைத்திருக்கின்றன. மாட்டை இணைக்கும் பொருள் நான்கு மொழிகளிலும் பொதுவாக நிற்கிறது. மிகப் பழைய பொருள்களில் ஒன்று அது என்று துணிந்து சொல்ல இதுவே போதும்.

இந்தோ-ஐரோப்பிய மொழிகளிலும் இதே மாதிரி ஒரு குடும்பம் உண்டு. வடமொழியில் யுஜ் என்ற வினையடிக்கு இணைப்பது, பூட்டுவது என்று பொருள். யோகம் அதிலிருந்து வந்தது. இலத்தீனில் நுகத்தடிக்கு இயூகும், ஆங்கிலத்தில் யோக். எல்லாம் ஒரே வேர். நுகம் என்ற சொல்லையும் இந்தக் குடும்பத்தோடு சேர்ப்பவர்கள் உண்டு. பூண், பூட்டு அப்படி அல்ல, அவை திராவிட மொழிகளின் சொந்தச் சொத்து. எனக்கு வியப்பாக இருப்பது இரண்டு குடும்பங்களும் போன வழி. அங்கே மாட்டைப் பூட்டும் சொல்லிலிருந்து மனத்தை ஒருமுகப்படுத்தும் யோகம் பிறந்தது. இங்கே நோன்பு பூணுவதும் உறுதி பூணுவதும் பிறந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு குடும்பங்கள், வேலைக்கு இறங்கும் மாட்டைப் பார்த்து ஒரே மாதிரி நினைத்திருக்கின்றன. ரோமானியர்கள் பக்கம் வேறு ஒரு கிளையும் உண்டு. தோற்றவர்களை ஈட்டிகளால் செய்த நுகத்தின் கீழ் குனிந்து போக வைப்பது அவர்கள் காலத்து வழக்கம். கி.மு. 321இல் சாம்னைட்டுகள் என்ற அண்டை இத்தாலிய மக்களிடம் தோற்று ரோமானியப் படையே அப்படிக் குனிய நேர்ந்தது. ஐரோப்பிய மொழிகளில் நுகம் அடிமைத்தனத்தின் சின்னமாக நிற்பதில் இந்த வழக்கத்துக்கும் பங்கு உண்டு.

பழந்தமிழில் நுகம் வேறொன்றுக்குச் சின்னமாக நின்றது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பாடும்போது, 'நெடுநுகத்துப் பகல்போல, நடுவு நின்ற நன்னெஞ்சினோர்' என்கிறார். இங்கே பகல் என்றால் பொழுது அல்ல. நுகத்தடியின் சரியான நடுவில் அடித்திருக்கும் ஆணி, பகலாணி. பகுப்பதால் பகல். அந்த ஆணி ஒரு பக்கம் தள்ளிப் போனால் என்ன ஆகும்? நெம்புகோல் கணக்குதான். ஆணிக்கு அருகில் இருக்கும் மாட்டின்மேல் சுமை கூடும், தள்ளி இருக்கும் மாடு தப்பித்துக்கொள்ளும். நடுவில் நின்றால் இரண்டுக்கும் சமபங்கு. வாங்கும்போது கூடுதலாக வாங்காமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் இருக்கும் வணிகனுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எது? நுகத்தடியைத் தோளில் தூக்கிப் பழகிய சமூகத்துக்குத்தான் இந்த உவமை வாய்க்கும்.

புறநானூற்றில் இன்னும் நெருக்கமான ஒரு காட்சி உண்டு. 102ஆம் பாட்டு, ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடியது. 'எருதே இளைய, நுகம் உணராவே' என்று தொடங்குகிறது. உப்பு வணிகர்களான உமணர் வண்டி கட்டிப் புறப்படுகிறார்கள். எருதுகள் இளசு, நுகத்தை இன்னும் அறியாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும் என்று, இருக்கும் அச்சுக்குக் கீழே இன்னொரு அச்சையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதன் பெயர் சேம அச்சு. எழினி அந்தச் சேம அச்சுப் போன்றவன் என்கிறார் ஔவையார். இன்று வண்டியின் பின்னால் கூடுதலாக ஒரு டயர் வைத்துக்கொண்டு போகிறோமே, அதேதான். 'நுகம் உணராவே' என்ற இரண்டு சொற்களில் பூட்டிப் பழகாத கன்றுகளின் மிரட்சி முழுதும் இருக்கிறது.

பழகிய எருதோ வேறு. 624ஆம் குறள், தடைப்பட்ட இடத்திலெல்லாம் வண்டியை விடாமல் இழுத்துக்கொண்டு போகும் பகடு போன்றவனுக்கு வந்த துன்பம், தானே துன்பப்படும் என்கிறது. பகடு என்றால் எருது. இந்த உழைப்பு மாட்டின் உடம்பில் அடையாளம் வைத்துவிட்டுப் போகும். நுகம் அழுத்தி அழுத்திக் கழுத்தில் முடி உதிர்ந்து, தோல் தடித்துக் கறுத்துவிடும். கம்பர் பெயரால் வழங்கும் ஏர் எழுபது, மேழி, நுகத்தடி என்று ஏரின் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனிப் பாட்டால் போற்றுகிறது. அந்த வரிசையில் எருதின் கழுத்துக் கறைக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. தாத்தா மாட்டைக் குளிப்பாட்டும்போது அந்த இடத்தை மட்டும் வைக்கோலால் தேய்க்க மாட்டார். கையில் எண்ணெய் தொட்டுத் தடவுவார்.

குறுந்தொகை 131இல் ஒரு தலைவன் வினை முடித்து வீடு திரும்புகிறான். அவளுடைய ஊரோ தொலைவில். தன் நெஞ்சின் அவசரத்தை, ஈரம் காயுமுன் உழுதாக வேண்டிய நிலத்தில் ஒரே ஓர் ஏர் வைத்திருக்கும் உழவனின் பதைப்போடு ஒப்பிடுகிறான். பாடியவர் பெயரும் தெரியவில்லை, இந்த உவமையாலேயே அவரை ஓரேருழவனார் என்று அழைக்கிறோம். கலப்பை என்றால் கருவி. ஏர் என்றால் கலப்பையும் ஒரு சோடி மாடும் சேர்ந்தது. பூட்டினால்தான் அது ஏர்.

குழப்பம் வரக்கூடிய இடம் ஒன்றிரண்டு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 'உறுதி பூண்டு' என்பதில் வரும் பூண்டும், குழம்பில் போடும் பூண்டும் எழுத்தில் ஒன்று, பிறப்பில் வேறு. பின்னது சிறு செடியைக் குறிக்கும் சொல், புல்பூண்டு என்பதில் வருவது. அதேபோல் பழைய பாடல்களில் பூட்கை என்று யானையைக் குறிப்பது உண்டு. அது பூழ்க்கை, துளையுள்ள கை, அதாவது தும்பிக்கை. கொள்கையைக் குறிக்கும் பூட்கையோடு அதற்கு உறவில்லை. ஒலி ஒத்துப்போவதாலேயே சொற்களைச் சேர்த்து முடிச்சுப் போடக்கூடாது.

சித்திரை பிறந்ததும் பல ஊர்களில் முதல் உழவை விழாவாக எடுப்பார்கள். சில பக்கம் நல்லேர் பூட்டுதல், சில பக்கம் பொன்னேர் பூட்டுதல். கலப்பையைக் கழுவி, மாட்டுக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, விதை நெல்லோடு போய் நிலத்தில் சில சால் ஓட்டுவார்கள். சிலப்பதிகாரத்தில் 'ஏரொடு நின்றோர் ஏர்மங்கலமும்' என்று ஒரு வரி வரும். ஏரோடு நின்று பாடும் மங்கலப் பாட்டு அது. இந்தச் சடங்கின் பழமைக்கு அது சாட்சி.

இப்போது மாடு குறைந்துவிட்டது. டிராக்டரில் கலப்பையைப் பூட்டுகிறோம் என்று யாரும் சொல்வதில்லை, மாட்டுகிறோம் என்கிறார்கள். உழுவதும் 'டிராக்டர் விட்டு ஓட்டுவது' ஆகிவிட்டது. ஆனால் சித்திரையில் மட்டும், நாலு டிராக்டர் வரிசையாகப் பொட்டு வைத்து மாலை போட்டு நிற்கிற ஊரிலும் அந்த நாளின் பெயர் பொன்னேர் பூட்டுதான். நுகமும் இல்லை, பூட்டாங்கயிறும் இல்லை, கழுத்துக் கறையும் இல்லை.

இதை அக்கா மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அதுக்கு மட்டும் சாவி இருக்குல்ல மாமா?" என்றாள்.

இருக்கிறது.